வெளியே வந்தாச்சு

எங்கள் குடும்பத்தில் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தம்பி என்றால் என் கணவர். அக்கா என்றால் என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வேடிக்கை என்னவென்றால், பேசாமலேயே இரண்டு பேரும் சேர்ந்து தொழில் நடத்துகிறார்கள். கட்டட வேலைக்கு மெஷின் வாடகைக்கு விடும் தொழில். கலவை மெஷின், ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் மோட்டார், தரையை அமுக்கும் தட்டு மெஷின், சாரம் கட்டும் குழாய்கள். மேட்டில் மெயின் ரோட்டைப் பார்த்து இருப்பது மேல்கடை, அங்கே அண்ணி. பள்ளத்தில், லாரி நிற்கும் முற்றத்தோடு இருப்பது கீழ்கடை, இங்கே இவர். கடைதான் இரண்டு, மெஷின்கள் பொது. காலையில் மேலே நிற்கிற ஜெனரேட்டர் சாயங்காலம் கீழே நிற்கும்.

சண்டைக்குக் காரணம் ஒரு கம்ப்ரஸர். இவர் அக்காவைக் கேட்காமல் ஒரு நண்பருக்குத் தூக்கிக் கொடுத்தார். நண்பரும் திரும்பவில்லை, கம்ப்ரஸரும் திரும்பவில்லை. ஆட்கள் எதிரிலேயே அண்ணி, "உனக்கு மேல்மாடி காலியா?" என்று கேட்டுவிட்டார். "உன் கடையை நீ பாரு" என்றார் இவர். அவ்வளவுதான். கம்ப்ரஸர் போன துக்கம் இரண்டு பேருக்கும் எப்போதோ ஆறிவிட்டது. வீம்பு மட்டும் ஆறவில்லை.

ஆரம்பத்தில் தூது போனது நான்தான். "உன் அண்ணிகிட்ட சொல்லி வை" என்பார் இவர். "உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லி வை" என்பார் அவர். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோனால் வீடு பற்றிக்கொள்ளும் என்று நான் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்வேன். ஒருநாள் குட்டு வெளிப்பட்டது. இரண்டு பேரும் ஒருமனதாக என்னைத் திட்டினார்கள். கம்ப்ரஸருக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இனி ஒரு சொல்லைக்கூடச் சுமக்க மாட்டேன் என்று அன்றைக்கே தலையிலடித்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு கட்டம் கட்டிக்கொடுத்தேன். எந்த மெஷின் எங்கே நிற்கிறது, யாரிடம் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்ற விவரமெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அதை உருவாக்கியவளும் பராமரிப்பவளும் நான். டேட்டாபேஸ் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. கீழ்கடையின் பின்னறையில், என் மேஜைக்கு அடியில், ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் அது குடியிருந்ததால் எல்லோருக்கும் அது 'பெட்டி'. எனக்கு அண்ணி வைத்த பெயர் பெட்டிக்காரி. ஒரு மெஷினுக்கு ஒரு வரி. அந்த வரியின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று அதுவே போட்டுக்கொள்ளும். எல்லாக் குறிப்புகளும் வரிசையாகத் தெரிகிற மாதிரி ஒரு பக்கமும் செய்துவைத்தேன். அப்புறம் அவர்களாயிற்று, பெட்டியாயிற்று.

அவர்களும் விடவில்லை. "டேங்க்ல ஒரு சொட்டு டீசல் இல்ல. காத்துலயா ஓட்டறது?" என்று அண்ணி எழுதுவார். "அனுப்பும்போது இருந்துச்சு. மேல்கடைல யாராவது குடிச்சிருப்பாங்க" என்று இவர் எழுதுவார். "குடிக்கற பழக்கம் இந்தப் பக்கம் இல்ல" என்று உடனே பதில் வரும். திட்டுதான். ஆனாலும் ஒருநாள் தவறியதில்லை. காலையில் கடையைத் திறந்ததும் இவர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். வாய் முணுமுணுக்கும், விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தும், முகத்தில் ஒரு களை வரும்.

பெட்டிக்கு வயதாகிவிட்டது. தொட்டால் சுடும். ஆளுக்கு ஆள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தால் சிக்கிக்கொண்டு நிற்கும். அப்போதெல்லாம் நான் முன்பக்கம் பார்த்து, "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்துவேன். மேல்கடைக்கு ஃபோன் போட்டு அதையே சொல்வேன். எல்லோரும் பெட்டியை மூடிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அதைத் தட்டிக்கொட்டி ஒழுங்கு செய்ய முடியும். "வந்தாச்சா?" என்பேன். "வந்தாச்சு" என்று குரல் வரும். கதவு திறந்து பார்த்தால் எல்லோரும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக யாராவது கேட்டால் எங்களைப் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த அவஸ்தை போதும் என்று வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தேன். அண்ணி உடனே சரி என்றார். இவர்தான் மூக்கைச் சுருக்கினார்.

"நாமளே வாடகைக்கு விடறவங்க. நாமளே போய் வாடகைக்கு எடுக்கறதா? நம்ம பெட்டிய எவன் வீட்டுலயோ ஏன் வெக்கணும்?"

"உங்க பெட்டி என்னிக்கு வெடிக்கும்னு தெரியாம கால் கிட்ட வெச்சுட்டு உக்காந்திருக்கறது நான்தான். நீங்க வந்து உக்காருங்க, அப்புறம் பேசலாம்."

ஒரு திங்கள்கிழமை காலை வேலையை முடித்தேன். எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். மேலேயிருந்து அண்ணி, "வந்தாச்சுடி பெட்டிக்காரி" என்றார். முன்பக்கத்திலிருந்து இவர், "வந்தாச்சு, வந்தாச்சு" என்றார். பழைய பெட்டியில் இருந்ததை முழுக்கப் புதிய சர்வருக்கு ஏற்றி, வரி வரியாகச் சரிபார்த்தேன். என் இடத்திலிருந்தபடியே எல்லோருடைய திரையிலும், புதியதைத் திறக்க, நீல நிறத்தில் ஒரு படம் வைத்தேன். "இனிமே அந்த நீலத்தைத்தான் தொடணும்" என்று இரண்டு பக்கமும் சொன்னேன். பழைய பெட்டியை உடனே அணைக்க மனம் வரவில்லை. புதியது கவிழ்ந்தால் ஓடிவர ஒரு இடம் வேண்டாமா? பூட்டியாவது வைத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. எல்லோரும்தான் வெளியே வந்தாச்சே.

அந்த வாரம் விடாத மழை. கட்டட வேலையெல்லாம் நின்றுபோய், மெஷின்கள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் கிடந்தன. குறிப்புப் பக்கத்தில் இவர் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. வாடகை சர்வர்மேல் கோபம், மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் பெரிய ஜெனரேட்டரின் வரியில் அண்ணியின் குறிப்பு வந்து விழுந்தது.

"மேல்கடைய ஹார்டுவேர்காரர் கேக்கறாரு. குடுத்துட்டு ஒதுங்கிடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து. உனக்கு வேண்டாம்னு தோணினா இங்கயே எழுது. எழுதலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்."

படித்ததும் அறையைச் சாத்திக்கொண்டு அண்ணிக்கு ஃபோன் போட்டேன்.

"என்ன அண்ணி இது?"

"படிச்சிட்டியா? சரி. நீ வாயைத் திறக்கக் கூடாது."

"ஏன் அண்ணி திடீர்னு?"

"திடீர்னா? எத்தனை வருஷமா இந்த மேட்டுல ஒண்டியா உக்காந்திருக்கேன், தெரியுமா? வர்றவன் மெஷினைப் பத்திப் பேசுவான், போயிடுவான். கூடப் பொறந்தவன் கூப்பிடு தூரத்துல இருக்கான். டீசலைப் பத்தி எழுதறான். எனக்கும் அலுத்துப்போச்சும்மா."

"நான் அவர்கிட்ட..."

"சொன்னே, அப்புறம் உன்னோடயும் பேச்சு கட். நீ சொல்லி அவன் எழுதினா அது எனக்கு வேண்டாம். அவனாப் படிச்சு அவனா எழுதணும். உன் சத்தியத்தை நீ காப்பாத்து."

நானே செய்த சத்தியம் எனக்கே சுருக்குக் கயிறாக வந்து விழுந்தது. ஃபோனை வைத்துவிட்டு அந்த அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அண்ணி போனால் இந்தத் தொழிலில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இவர் நல்லவர், ஆனால் பேச்சை எடை போட்டுச் செலவு செய்கிறவர். நாள் முழுக்க என்னோடு பேசுவதும், சிரிக்க வைப்பதும், தலைவலி என்றால் குரலை வைத்தே கண்டுபிடிப்பதும் அண்ணிதான். அவர் ஒதுங்கிவிட்டால் கீழ்கடையின் பின்னறையில் நானும் ஒரு மெஷின் ஆகிவிடுவேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

சரி, இவர் படிப்பார், எழுதுவார் என்று காத்திருந்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் முன்பக்கம் எட்டிப் பார்ப்பேன். இவர் திரையைப் பார்த்தபடி ஏதோ குத்திக்கொண்டிருப்பார். ஓடிவந்து என் திரையைப் பார்ப்பேன். வெறுமை. மறுபடி தண்ணீர். அந்த வாரம் நான் குடித்த தண்ணீருக்கு ஒரு மோட்டாரே வைத்திருக்கலாம்.

வீட்டிலும் அதே தவிப்புதான். சாப்பிடும்போது இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வாட்டமாக இருப்பதுபோலத்தான் பட்டது. படித்துவிட்டுத்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"கடைல எல்லாம் சரியாப் போகுதா?" என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"மழை" என்றார்.

"மழையைத் தவிர?"

"மழையில வேற என்ன இருக்கும்?"

கல்லில் நார் உரிக்கலாம், இவரிடம் ஒரு வார்த்தை உரிக்க முடியாது. வியாழக்கிழமை எனக்குள் பயம் போய்க் கோபம் ஏறிவிட்டது. கூடப் பிறந்தவள் கடையை விற்கப் போகிறேன் என்கிறாள், 'வேண்டாம்' என்று எழுத விரல் வரவில்லையே! இந்த மனிதரோடா இத்தனை காலம் குடித்தனம் நடத்தினேன்? தட்டை ணங்கென்று வைத்தேன். கேட்டதற்கு ஊம் கொட்டினேன். "என்ன, உர்ருன்னு இருக்க?" என்றார். "மழை" என்றேன்.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தது. மழை விட்டதும் ஃபோன்கள் ஒரேயடியாக அடிக்க ஆரம்பித்தன. இவர் பெரிய ஜெனரேட்டரை ஒரு மேஸ்திரிக்கு ஒப்புக்கொண்டு, அதை மேல்கடையிலிருந்து எடுத்துவர லாரியை அனுப்பினார். லாரி வெறுமனே திரும்பி வந்தது. டிரைவர் அண்ணன் இறங்கி, ஈரச் செருப்போடு நேரே கவுண்டருக்கு வந்தார்.

"அங்க இல்லீங்க முதலாளி. புதன்கிழமையே வேற ஆளுக்குப் போயிடுச்சாம்."

"எப்படிய்யா போகும்? இங்க பாரு, மேல்கடைல நிக்குதுன்னு பெட்டியே சொல்லுது."

"பெட்டி சொல்லுமுங்க. நான் கண்ணால பார்த்துட்டு வரேன். அக்கா வேற சாவிக்கொத்தை எல்லாம் மேஜை மேல எடுத்து வெச்சுட்டு அந்த ஹார்டுவேர்காரரோட உக்காந்திருக்காங்க. முகமே சரியில்ல."

சாவிக்கொத்து என்றதும் நான் எழுந்து முன்பக்கம் ஓடினேன். இவர் திரையைப் பார்த்தேன். ஜெனரேட்டர் மேல்கடையில் சும்மா நிற்பதாகக் காட்டியது. என் திரையில் அது புதன்கிழமையே வெளியே போயிருந்தது. வரியின் கடைசிக்கு நகர்த்தினேன். செவ்வாய்க்கிழமைக் குறிப்பு அங்கே இல்லை. திரையின் மூலையில் இருந்த நீலப் படத்தை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

"திங்கக்கிழமை எல்லாரும் வெளிய வாங்கன்னு கத்தினேனே. நீங்க வந்தீங்களா?"

"வந்தேனே."

"எப்படி வந்தீங்க?"

"எப்படின்னா? எப்பவும் வர்ற மாதிரிதான்."

"இப்ப வந்து காட்டுங்க."

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்னக் கோடு ஒன்றை அமுக்கினார். பெட்டியின் பக்கம் சுருங்கிக் கீழே போய் ஒளிந்துகொண்டது. வெறும் திரை.

"இதோ, வெளிய வந்தாச்சு" என்றார். "திரும்பித் தொறக்க நேரமாகுதுன்னு நான் எப்பவும் இப்படித்தான் வருவேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை காலமாக இந்த மனிதர் ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை. கம்ப்யூட்டரையும் அணைப்பதில்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். எல்லோரும் புது வீட்டுக்குக் குடிபோன பிறகு, பழைய வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து ஐயா கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணி எழுதியது எதையும் இவர் பார்க்கவில்லை. இவர் எழுதியது எதுவும் அண்ணிக்குப் போகவில்லை. நான் தட்டை ணங்கென்று வைத்தது ஒன்றுமே அறியாத ஆளிடம்.

அப்படியானால் வாரம் முழுக்க என்னத்தைத்தான் குத்திக்கொண்டிருந்தார்? சுருங்கியதை மறுபடி விரித்து, குறிப்புப் பக்கத்தைத் திறந்தேன். எல்லாம் அவர் எழுத்து.

"லாரிக் கண்ணாடி உடைஞ்சிருக்கு. மேல்கடை வாசல்லதான் உடைஞ்சிருக்கணும்."

"கண்ணாடி பத்திக் கேட்டேன். பதில் இல்ல."

"தட்டு மெஷின் பெல்ட்டு மாத்தினியா இல்லையா? அதுக்கும் மௌனம்தானா?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் எழுதக் காணோம்."

அன்று காலையில் கடை திறந்ததும் எழுதியது கடைசியில் இருந்தது.

"அக்கா உடம்பு சரியில்லையா. மழைல நனைஞ்சியா."

நான் படித்ததைப் பார்த்ததும் இவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "அது ஒண்ணும் இல்ல, சும்மா" என்று திரையை மறைக்க வந்தார். வாரம் முழுக்க இவர் முகத்தில் நான் பார்த்த வாட்டம் அதுதான். அக்காவிடமிருந்து திட்டு வரவில்லையே என்று ஏங்கிப்போயிருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றியிருக்காது, அல்லது தோன்றியும் கை வந்திருக்காது. கோபம் எல்லாம் போய், இந்த ஆளைக் கட்டிக்கொண்டு அழலாம்போல் இருந்தது. அதற்கு நேரமில்லை.

கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப்போய் என் திரையில் அண்ணியின் குறிப்பைக் காட்டினேன். சத்தியமாவது மண்ணாவது. இவர் இரண்டு தடவை படித்தார். அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குத்தான் வெள்ளிக்கிழமை" என்றார்.

"ஆமா. அந்த ஆளு அங்கதான் உக்காந்திருக்காரு. உடனே ஃபோன் போடுங்க."

"நான் பதில் எழுதலைன்னு நெனச்சிருப்பா."

"நெனச்சிருப்பாங்க இல்ல, நெனச்சிட்டாங்க. போடுங்க!"

போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். இந்தத் தடவை பாதியிலேயே துண்டித்தார்கள். என் ஃபோனிலிருந்து போட்டேன், அதையும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் எங்கள் இரண்டு பேர் குரலையும் கேட்க வேண்டாம் என்று அண்ணி முடிவு செய்துவிட்டார்போல.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க, நேராப் போயிடலாம்" என்றேன். இவர் குரல் கொடுத்தார். டிரைவர் அண்ணன் ஓடினார். ஆனால் அந்த முற்றத்தில் லாரியைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. மழைக்காக நெருக்கித் தள்ளி வைத்த மெஷின்களுக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஊர்ந்து ஊர்ந்துதான் கேட்டுக்கு வரவேண்டும்.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? இவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

"உங்க அக்கா திரையில பெட்டி தொறந்துதான் இருக்கும். வர்ற ஆளுக்கு மெஷின் எல்லாம் காட்டணுமே. அதுல எழுதிடலாம்."

"நான் எழுதறேன்" என்று கையை நீட்டினார். "என்னன்னு எழுதறது?"

"எழுத வேண்டாம். எழுதினதே போதும்."

பழைய பெட்டியையும் புதிய சர்வரையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். அங்கே இருந்து இங்கே இல்லாததை எல்லாம் ஏற்ற வேண்டும். ஜெனரேட்டர் வரியில் இரண்டும் முட்டிக்கொண்டன. ஒன்று மேல்கடை என்றது, மற்றது வெளியே என்றது. எதை வைத்துக்கொள்ள என்று என்னைக் கேட்டது. ஒரு மெஷின் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. வெளியே என்பதை வைத்தேன். பேச்சு அப்படி இல்லை. இரண்டு பேர் பேசியிருந்தால் இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம்.

கை ஒரு நிமிடம் நின்றது. லாரிக் கண்ணாடியை விட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் அனுப்பினால் என்ன? பெல்ட்டை விட்டுவிட்டால் என்ன? கொஞ்சம் பூசலாம், கொஞ்சம் மெழுகலாம். எனக்குக் கைவந்த கலைதானே. வேண்டாம் என்று தோன்றியது. கண்ணாடிக்குச் சண்டை போடுகிறவன்தான் அவருடைய தம்பி. அதை எடுத்துவிட்டால் வேறு யாரோ எழுதினதுபோல் இருக்கும். அத்தனையையும் அவர் எழுதிய நாளோடு, எழுதிய நேரத்தோடு, ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பினேன். அண்ணியின் குறிப்புகளுக்கு இடையில் இவருடையவை அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. நான் நகத்தைக் கடித்தேன். இவர் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவே நடந்தார். வெளியே லாரி உறுமிக்கொண்டு பின்னால் வந்து, ஒரு கலவை மெஷினை உரசப்போய், மறுபடி முன்னால் போனது.

"படிச்சிருப்பாளா?"

"தெரியல."

"படிச்சா உனக்குத் தெரியாதா? இத்தனை பெரிய சர்வர் எடுத்திருக்க."

"சர்வர் இருக்கட்டும், நீங்க கொஞ்சம் உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது."

இவர் ஃபோன் அடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எடுங்க!"

எடுத்துக் காதில் வைத்தார். வைத்த வேகத்தில் தள்ளிப் பிடித்தார். அண்ணியின் குரல் எனக்கே கேட்டது.

"லாரிக் கண்ணாடிய நான் ஒடைக்கலடா! என் வாசல்ல வரும்போதே ஒடைஞ்சுதான் வந்துச்சு. உன் டிரைவரைக் கேளு!"

இவர் வாயைத் திறந்தார். அண்ணி இடம் கொடுக்கவில்லை.

"பெல்ட்டு மாத்தியாச்சு. நீ கேக்கறதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. கண்ணைத் தொறந்து மெஷினைப் பார்த்தா தெரியும். மௌனமா? யாரு மௌனம்? நானா? செவ்வாக்கிழமைலேருந்து இந்தத் திரையையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன் நான்!"

திரையில் இருந்ததை மேலிருந்து கீழாகப் படித்துப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பேசாமல் போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து வட்டி போட்டதுபோல் இருந்தது அந்தக் குரல். பிறகு திடீரென்று நின்றது. கடைசி வரிக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். நான் இவர் பக்கத்தில் போய்க் காதை ஒட்டி நின்றேன்.

"நனையல" என்றார் அண்ணி, மெதுவாக. "குடை இருந்துச்சு."

நான் இவரை முழங்கையால் இடித்தேன்.

"நான் எழுதினதப் படிச்சியா இல்லையா?" என்று அண்ணி கேட்டார்.

"இப்பத்தான் படிச்சேன்."

"இப்பத்தானா?"

"நான் பழைய பெட்டிலயே இருந்துட்டேன்க்கா. தெரியாம."

அந்தப் பக்கம் பின்னணியில் ஓர் ஆண் குரல், "மேடம், கையெழுத்து" என்றது.

"ஆளு உக்காந்திருக்காரு" என்றார் அண்ணி. "பேனா கைல இருக்கு. என்னடா சொல்ற?"

இவர் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. முற்றத்தில் லாரி ஒருவழியாகத் திரும்பி, கேட்டைப் பார்த்துப் பெரிதாக உறுமிக்கொண்டு கிளம்பியது.

"என்ன? காதுல விழல. அங்க என்ன சத்தம்?"

"போகாதே" என்றார்.

"சத்தமாச் சொல்லித் தொலையேன்!"

இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் கத்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். தெருவே கேட்டது.

"போகாதேக்கா! போகாதே!"

முற்றத்தில் லாரி கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. டிரைவர் அண்ணன் பதறிப்போய்த் தலையை வெளியே நீட்டினார்.

"போகலீங்க முதலாளி! இன்னும் கேட்டைக்கூடத் தாண்டல!"

"சரிடா, போகல" என்றார் அண்ணி ஃபோனில். "கத்தாதே."